மணி கட்டிய ஊருக்கு நம் வீட்டில் எழுதிய முடிவு

மகனே,

உன் கடிதம் வந்தது. இந்தக் கடிதத்தில் எழுத்து ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது, அம்மாவுக்கு அதற்குள் கண் மங்கிவிட்டதா என்று நினைப்பாய். முப்பத்தெட்டு வயதில் என் கண்ணுக்கு ஒரு கோளாறும் இல்லை. கம்பெனிக் கொட்டகையின் அரை வெளிச்சத்திலும் இறாலின் முதுகு நரம்பை ஒரே இழுப்பில் எடுத்துவிடுகிறேன். பெரிய எழுத்துக்குக் காரணம் வேறு. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நீ கேட்டதற்கு வருகிறேன்.

பினாங்கில் கப்பல் நின்றபோது முடிவெட்டப் போனாயாம். சவரக்கடைத் தமிழர் நீ தூத்துக்குடி என்று தெரிந்ததும் உள்ளே போய் அட்டையில்லாத ஒரு கதைப் புத்தகத்தை எடுத்து வந்தாராம். பின்பக்கம் தைத்திருந்த தாள்களைப் புரட்டி, ‘பாருங்க தம்பி, உங்க ஊரு முடிவுதான் எல்லாத்திலயும் நல்ல முடிவு’ என்றாராம். தாளின் மேலே தூத்துக்குடி என்று இருந்தது, எழுத்து அம்மாவுடையது, படித்துவிட்டு நாற்காலியிலேயே அழுதேன் என்று எழுதியிருக்கிறாய். அதற்கு அடுத்த வரியில், மாமா தன் மகள் செலினை உனக்குக் கேட்டு எழுதியிருப்பதாகவும், அந்த முடிவைப் படித்த பிறகு உனக்குச் சந்தேகமே இல்லை என்றும், அம்மாவுக்குச் சம்மதமா என்றும் கேட்டிருக்கிறாய். ஒரு கதையைப் படித்துவிட்டுப் பெண் எடுக்கிறவனை இப்போதுதான் பார்க்கிறேன். அந்தக் கதை நம் வீட்டுக்கு வந்த விதத்தையும் போன விதத்தையும் தெரிந்துகொண்டு பிறகு முடிவு செய்.

உன் அப்பா அப்போது கொழும்புத் தோணியில் போய் வந்துகொண்டிருந்தார். இங்கிருந்து வெங்காயமும் மிளகாயும் போகும், திரும்பும்போது காலிச் சாக்குக் கட்டுகள் வரும். அப்படி வந்த ஒரு கட்டுக்குள்தான் அந்தப் புத்தகம் இருந்தது. கொழும்புத் துறைமுகத்துக்கு அருகே கடை வைத்திருந்த ஒரு தையற்காரர் கொடுத்தது. உருட்டச்சில் போட்ட முரட்டுத் தாள், பாய் தைக்கிற நூலால் தைத்த முதுகு. எழுதியவன் பெயர் கிடையாது. இரங்கூன்காரன் எழுதியது என்று கொழும்பில் சொன்னார்களாம், பினாங்குக்காரன் எழுதியது என்று இரங்கூனில் சொன்னார்களாம். யார் படித்தாலும் ‘இவன் எங்கள் ஊரைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறான்’ என்றார்களாம். எந்தப் பிரதியிலும் கடைசிப் பக்கங்கள் இல்லை. அதனால் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். புத்தகம் எந்தத் துறைமுகத்துக்குப் போகிறதோ அந்த ஊர்க்காரர்கள் தங்களுக்குத் தோன்றிய முடிவை எழுதிப் பின்னால் தைத்துவிட வேண்டும், ஒரு நகலை அடுத்த ஊருக்கு அனுப்ப வேண்டும்.

கதை உனக்கே தெரியும், இருந்தாலும் ஒரு முறை சொல்கிறேன். அந்த ஊரில் எல்லார் கழுத்திலும் அரசாங்கம் மாட்டுக்குக் கட்டுவதுபோல மணி கட்டியிருக்கிறது. நடந்தால் ஒலிக்கும், வேலை செய்தால் ஒலிக்கும், தூக்கத்தில் புரண்டாலும் ஒலிக்கும். ஒருவனுடைய மணி நின்றுவிட்டால் அவன் அசையாமல் உட்கார்ந்து யோசிக்கிறான் என்று அர்த்தம். போய்ச் சொல்ல வேண்டியது வீட்டில் இருப்பவர்களுடைய கடமை. சொன்ன வீட்டுக்கு அரிசி கூடக் கிடைக்கும். ஒருவன் தினமும் கொஞ்ச நேரம் மணியின் நாக்கைக் கையில் பிடித்துக்கொண்டு யோசிக்கிறான். அவன் மனைவிக்கு அது தெரிந்துவிடுகிறது. அங்கே பக்கங்கள் கிழிந்து நின்றுவிடும்.

தோணிகள் கடலுக்குப் போகாத காற்றுக்காலம் அது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, நான் வாசிப்பேன், அப்பா பாயில் படுத்துக் கேட்பார். நெருக்கடிநிலை வந்து, பத்திரிகையில் வெள்ளையாக இடம் விட்டு அச்சடித்த நாட்கள். டீக்கடையில் அரசியல் பேசாதீர் என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். எனக்கு அந்தக் கதை பெரிய அதிசயமாகப் படவில்லை. கம்பெனியில் நாங்கள் ஒன்றுக்குப் போகவும் விசில் ஊத வேண்டும். ஐஸ் தண்ணீரில் விரல் மரத்து ஒருத்தி ஒரு நிமிஷம் கையை எடுத்தால், பக்கத்தில் இருப்பவளே மேஸ்திரியைப் பார்த்துக் கண்ணைக் காட்டுவாள். கண்ணைக் காட்டியவளுக்கு மறுநாள் வெளிச்சமான இடத்தில் உட்கார இடம் கிடைக்கும். அப்பாவிடம் இதைச் சொன்னேன். ‘ஏளா, அவன் நம்ம துறைமுகத்துல வந்து வேல பாத்துட்டுல்லா எழுதியிருக்கான்’ என்று சிரித்தார்.

பிற ஊர்க்காரர்களின் முடிவுகளையும் வாசித்தோம். கொழும்பில், எல்லாரும் மணிகளை அறுத்துக் கடலில் எறிகிறார்கள். இரங்கூனில் எழுதியது ஒரு பெண். அவள் கதையில் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் அசையாமல் நின்றுவிடுகிறது, யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் அதிகாரிகள் அலைகிறார்கள், அவர்களுடைய மணி மட்டும் ஒலிக்கிறது. எனக்கு அது பிடித்திருந்தது. பினாங்கில், அவன் கப்பலேறிப் போய்விடுகிறான். போன ஊரில் மணி இல்லை. ஆனால் அவனுக்குத் தூக்கம் வரவில்லை.

நம் முறை வந்தது. மனைவியே போய்ச் சொல்லிவிடுகிறாள், மூட்டை அரிசி வருகிறது, சோறு பொங்குகிறாள், அத்துடன் முடிப்போம் என்றேன். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. ‘ஒனக்கு ஏம் புத்தி இப்பிடிப் போவுது? அந்தப் பொம்பளைக்கு ஒரு அண்ணன் இருக்கட்டும். அவன் வாரான். கத்தி வச்சிருக்கான். எல்லாரும் கழுத்த அறுக்க வாரான்னு நெனைக்காங்க. அவன் மணிய அறுக்கான். எழுது’ என்றார். அவர் சொன்னார், நான் எழுதினேன். எழுதும்போதே அவர் யாரை நினைத்துச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும்.

கடைசியாக முத்துக்குளித்தபோது நீ நடை பழகிய பிள்ளை. குளிக்கிறவன் காலில் கல்லைக் கட்டி இறங்குவான். மேலே வள்ளத்தில் ஒருவன் கயிறு பிடித்திருப்பான். கீழேயிருந்து கயிறு அசைந்த உடனே இழுக்க வேண்டும். கண் அசந்தால் பிணத்தைத்தான் இழுக்கலாம். அந்தக் கயிற்றை நம் ஆட்கள் அண்ணன் தம்பி கையில்கூடக் கொடுக்க மாட்டார்கள், மச்சான் கையில்தான் கொடுப்பார்கள். தங்கை தாலியறுக்க எவன் பார்த்துக்கொண்டிருப்பான் என்ற நம்பிக்கை. அப்பாவுக்குக் கயிறு பிடித்தவன் என் அண்ணன். ஒரு நாள் கீழே மூச்சுத் தவறி, கயிற்றை அசைக்கக்கூட முடியாமல் போயிருக்கிறது. என் அண்ணன் தானாகவே சந்தேகப்பட்டு இழுத்துவிட்டான். மேலே வந்து இரத்தம் கக்கியவரை மடியில் போட்டுக்கொண்டு அண்ணன் அழுதான் என்று வள்ளத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். அது பொய் இல்லை. அழுதான்தான்.

நீ புதிதாகக் கல்யாணம் செய்யப் போகிறவன், அதனால் கேட்டுக்கொள். இந்த வழக்கத்தைச் சொல்லி நம் ஆட்கள் நெஞ்சை நிமிர்த்துகிறார்கள். எனக்கு அதில் பெருமைப்பட ஒன்றும் தெரியவில்லை. சிப்பியை ஏலம் போட்டவர்கள் இருந்தார்கள், முத்தை வாங்கியவர்கள் இருந்தார்கள். கீழே மூழ்கியவன் மேலே வராவிட்டால் பதில் சொல்ல ஒருவனும் இல்லை. எவனும் பொறுப்பேற்காத இடத்தில்தான் மச்சான் தேவைப்பட்டான். தங்கையின் தாலியை அடமானமாக வைத்து ஒருவன் உயிரை இன்னொருவன் கையில் கட்டிவிட்டார்கள். அடமானத்துக்கு அன்பு என்று பெயர் வைத்தார்கள். உன் அப்பா அந்தப் பெயரை நம்பினார்.

முடிவின் நகல் வேறொரு தோணிக்காரர் மூலம் கொழும்புக்குப் போய்விட்டது. நீ பினாங்கில் பார்த்தது அதிலிருந்து வந்ததாக இருக்கும். புத்தகத்தையும் அப்போதே அனுப்பியிருக்கலாம். அப்பா விடவில்லை.

‘மச்சான் ஒரு தடவ படிக்கட்டும்’ என்றார்.

‘வேண்டாம். அவன் இப்ப கப்பல் ஏஜென்சி ஆபீசுல கணக்குப்பிள்ள. பெரிய பெரிய ஆளுககூடப் பழகுதான்.’

‘அதுக்கு? அவனப் பத்தில்லா எழுதியிருக்கு. அவனே படிக்காண்டாமா? ஏளா, கயித்தப் பிடிச்சவன்ட்ட எதுக்குளா ஒளிக்கணும்?’

ஒரு லேஞ்சித் துணியில் சுற்றி, ஏதோ வேளாங்கண்ணித் தீர்த்தம் கொண்டுபோவதுபோலக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அடுத்த வாரம் வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது போலீஸ்காரர்கள் அவரைத் தோணித்துறையில் வைத்தே பிடித்தார்கள். மூட்டையைக் கீழே வைக்கக்கூட நேரம் தரவில்லை என்று தோணியை நடத்துகிற தண்டல் வந்து சொன்னார். நான் போய்க் கேட்ட இடத்தில் அப்படி ஒரு ஆளே வரவில்லை என்றார்கள். நீ அப்போது திருநெல்வேலியில் விடுதியில் தங்கிப் படித்தாய். அப்பா தோணியில் போயிருக்கிறார் என்று உனக்கு எழுதினேன்.

உள்ளே என்ன கேட்டார்கள் என்பதை அவரே பிறகு சொன்னார். ‘இதுல மணின்னு யாரச் சொல்லுத? எந்த மந்திரியச் சொல்லுத?’ என்று கேட்டார்களாம். ‘மணி மணிதான் ஐயா’ என்றாராம். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து இரண்டு காதிலும் ஒரே நேரத்தில் அறைந்தார்களாம். கொழும்பில் யார், இரங்கூனில் யார் என்று கேட்டார்களாம். தெரியாது என்றாராம். மறுபடியும் அறைந்தார்களாம். முத்துக்குளித்த காது அது, ஏற்கெனவே பாதி போனது. மிச்சத்தையும் எடுத்துவிட்டார்கள். கடைசியில் கேள்வி கேட்கிறவனின் வாய் அசைவது மட்டும் தெரிந்ததாம், என்ன கேட்கிறான் என்று தெரியாததால் பதில் சொல்லவில்லையாம், திமிர் என்று சொல்லி அதற்கும் அடித்தார்களாம். இதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் குரல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அவருக்கே தெரியாததால், நம் திரேஸ்புரம் முழுக்கக் கேட்டது.

அவரை வீட்டுக்குக் கூட்டி வந்தது உன் மாமாதான். சைக்கிள் ரிக்சாவில் தோளில் சாய்த்து, புதுச் சட்டை வாங்கிப் போட்டுக் கூட்டி வந்தான். தெருவே பார்த்தது. அப்பாவைப் பாயில் படுக்க வைத்துவிட்டுக் குசினிக்கு வந்து அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்தான். டீ போட்டுக் கொடுத்தேன். கேட்டேன்.

‘புஸ்தகம் ஒன் கையிலதான இருந்துச்சு?’

‘ஆமா. நாந்தான் குடுத்தேன்.’

அவ்வளவு லேசாகச் சொன்னான். அவன் முகத்தையே பார்த்தேன். அவனே தொடர்ந்தான்.

‘என்னப் பாக்க? அந்தக் கிறுக்கன் என்ன எழுதி வச்சிருக்கான்? மச்சான் வந்து மணிய அறுத்தானாம். நாளைக்கு அது வேற எவன் கையிலயாவது சிக்கி, எந்த மச்சான்லேன்னு கேட்டா, எவனப் பிடிப்பான்? என்னத்தான பிடிப்பான்? எனக்கும் பொம்பளப் புள்ள இருக்கால்லா?’

‘அவருக்குக் காது போச்சு.’

‘காதுதானளா? உசுரு இருக்குல்லா? போலீஸ் பெரியவருட்டக் கையெடுத்துக் கும்பிட்டேன். தங்கச்சி மாப்பிள்ள, உசுருக்குச் சேதம் வந்துரக் கூடாதுன்னேன். எழுத்து ஒன்னுதுன்னு எனக்குத் தெரியாதா? நாந்தான ஒன்ன ஸ்கூலுக்குக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனது? சொன்னேனா? ஒன்னச் சொன்னேனா?’ டம்ளரைக் கீழே வைத்தான். ‘ஒன் தாலி ஒன் கழுத்துல கெடக்கு. கயித்த நான் விடலை பாத்துக்கோ.’

எழுந்து போகும்போது டீயில் சீனி காணாது என்றான்.

நான் அவனைத் துரோகி என்று கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. ஏனென்றால் அவன் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. வழக்கம் அவனிடம் கேட்டது தங்கையின் தாலியை மட்டும்தான். மச்சானின் காதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. பிறகு துறைமுகத்தில் கூலி ஆட்களைப் பிடித்துக் கொடுக்கிற மேஸ்திரி வேலை அவனுக்கு வந்தது. ஆட்சி மாறியது, அறைந்த கைகளுக்குப் பதவி உயர்ந்தது, அவன் வேலையும் போகவில்லை. உன்னைக் கப்பலில் ஏற்றிவிட்டதும் அவன் சிபாரிசுதான். உன்னை இந்த ஊரிலிருந்து வெளியே தள்ள எனக்கு அவன் கை வேண்டியிருந்தது. வாயை மூடிக்கொண்டேன். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. நீ சாப்பிடுகிற கப்பல் சோற்றில் அப்பாவின் காது இருக்கிறது. தெரிந்து சாப்பிடு.

அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது. புத்தகம் மச்சான் வீட்டில் நடந்த சோதனையில் சிக்கியது, மச்சான் காலில் விழுந்து தன்னை மீட்டான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அதை அவருக்கு அப்படிச் சொல்லி வைத்தவனும் மச்சான்தான், எழுதிக் காட்டியிருக்கிறான். தோணித்துறை டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, ‘ரெண்டு தடவ உசுரு குடுத்தான்லே, கடல்ல ஒரு தடவ, கரையில ஒரு தடவ’ என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்துவார். தெருவுக்கு விஷயம் தெரியும். ஏஜென்சி ஆபீஸ் பியூன் வாயிலிருந்து அந்த வாரமே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ‘ஆமாண்ணாச்சி, தங்கமான மச்சான்’ என்று இவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு ஒருவனை ஒருவன் பார்த்துச் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். கதையில் எல்லாருக்கும் கழுத்தில் மணி. உன் அப்பாவுக்குத் தொண்டையில். ஊரே கேட்கிறது, அவருக்கு மட்டும் கேட்கவில்லை.

நான் அவரிடம் சொல்லாமல் இருந்தேன் என்று நினைக்காதே. பல தடவை சொல்லியிருக்கிறேன். சோறு போடும்போது, முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டு, ‘உம்மக் காட்டிக் குடுத்தவன் உம்ம மச்சான்தான்’ என்று அவர் கண்ணைப் பார்த்தே சொல்வேன். அவர் தலையாட்டுவார். ‘கொழம்புல காரம் கொஞ்சம் கூடப் போச்சுளா’ என்பார். முதல் தடவை சொல்லிவிட்டுக் குசினியில் போய் அழுதேன். இப்போது அழுகை வருவதில்லை. சொன்னால் எனக்குப் பசி எடுக்கிறது.

செலினைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அவளுக்கு எதுவும் தெரியாது. அவளிடம் சொல்ல இந்தத் தெருவில் ஒருவருக்கும் தைரியமில்லை, அவள் அப்பன் பிடித்துக் கொடுக்கிற வேலையில்தான் பாதி வீட்டில் அடுப்பு எரிகிறது. நம் வீட்டில் உன் அப்பாவோடு பேசுகிற ஒரே ஆள் அவள்தான். சாயந்திரம் சிலேட்டோடு வருவாள். ஊர்ச் செய்தி எல்லாம் எழுதிக் காட்டுவாள், இவர் கத்திக் கத்திப் பதில் சொல்வார், அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். ‘சின்னதா எழுதுனா மாமாவுக்கு எழுத்துக் கூட்ட ரொம்ப நேரம் ஆவுது, அத்தை. பெருசா எழுதுனா வேகமாப் படிச்சிருதாங்க’ என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான்.

எழுத்து ஏன் பெரிதாக இருக்கிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

சம்மதமா என்று கேட்டாய். இந்தக் கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஊருக்கு வா. கோயிலுக்குப் புறப்படும் முன் அப்பா கையில் கொடுத்துவிட்டால் கல்யாணம் அங்கேயே நிற்கும். அவர் படித்து முடிக்கும்வரை நீ பக்கத்தில் நின்றுதான் ஆக வேண்டும், ஏனென்றால் பிறகு அவர் போடுகிற சத்தத்தைக் கேட்க ஒருவர் வேண்டும். சிலேட்டோடு வருகிறவளிடம் நீதான் சொல்ல வேண்டும். அதற்கு மனம் வராவிட்டால் வழியில் கடலில் போட்டுவிடு. நான் புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்து அண்ணன் பக்கத்தில் நிற்பேன். அவன் மகன் உனக்கு மச்சான் ஆவான். நீ இரண்டில் எதைச் செய்தாலும் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

கடலில் போட்டால் ஒன்று மட்டும் பழகிக்கொள். கல்யாணச் சாப்பாட்டில் அப்பா உன் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கடல்ல ஒரு தடவ, கரையில ஒரு தடவ என்று பந்தலே அதிரக் கத்துவார். எல்லாரும் உன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நீ சிரிக்க வேண்டும். பிறகு அவர் இலையைப் பார்த்து, காரம் கொஞ்சம் கூடப் போச்சு என்பார். ஆமாம் என்று தலையாட்டு.

அம்மா